ஆஸ்பிரின்: எதற்கு, எவ்வளவு, யாருக்குக் கூடாது

தலைவலிக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் டிஸ்பிரினும், இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர் தினமும் விழுங்கும் ஈகோஸ்பிரினும் ஒரே மருந்துதான். இரண்டிலும் இருப்பது ஆஸ்பிரின். அளவு வேறு, மேல்பூச்சு வேறு, அவ்வளவுதான். இது தெரியாமல் போவதால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. இதய மாத்திரை சாப்பிடுகிறவர் மூட்டுவலிக்கு அதன் மேலேயே இன்னொரு வலி மாத்திரை போட்டுக்கொள்கிறார். காய்ச்சல்காரருக்கு வீட்டில் மிச்சமிருந்த டிஸ்பிரினைக் கரைத்துக் கொடுக்கிறார்கள். பல் பிடுங்கப் போகிறவர் யாரையும் கேட்காமல் இதய மாத்திரையை நிறுத்திவிடுகிறார். மூன்றுமே ஆளை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கக்கூடியவை.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

டிஸ்பிரின் ஒன்றில் 350 மில்லிகிராம் ஆஸ்பிரின் இருக்கிறது. அது வலிக்கான அளவு. ஈகோஸ்பிரின் 75, 150 என்று வரும். ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடாமல் தடுக்கும் சிறிய அளவு இது. வலிக்கு இந்தச் சிறிய அளவு பெரிதாக உதவாது. "இதய மாத்திரைதானே, தலைவலிக்கும் கேட்கும்" என்று கூட ஒன்று போடுவது வீண்.

குழப்பம் கூட்டு மருந்துகளில்தான் அதிகம். ஈகோஸ்பிரின் ஏவி என்றால் ஆஸ்பிரினோடு கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின். ஈகோஸ்பிரின் கோல்டு என்றால் அந்த இரண்டோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் இன்னொரு மருந்தான க்ளோபிடோக்ரெல். க்ளோபிலெட் ஏ, டிப்ளாட் ஏ, க்ளோபிடாப் ஏ என்று பெயருக்குப் பின்னால் 'ஏ' ஒட்டியிருந்தால் அந்த 'ஏ' ஆஸ்பிரின். ஓசூர்ப் பக்கத்து ஆட்கள் பலருக்கு இதய வைத்தியம் பெங்களூரில், மாதாந்திர பி.பி., சர்க்கரை மாத்திரை ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். நடுவில் தீர்ந்துபோனால் பக்கத்து மெடிக்கலில். மூன்று இடத்துச் சீட்டும் ஒரே பையில் இருக்கும். அதில் ஒருவர் ஈகோஸ்பிரின் எழுதியிருப்பார், இன்னொருவர் டிப்ளாட் ஏ எழுதியிருப்பார். நோயாளி இரண்டையும் விழுங்குவார். பெயர் வேறாக இருந்தால் மருந்தும் வேறு என்று நினைப்பது இயல்புதான். அதனால் பிராண்ட் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள், அல்லது படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுங்கள். 'ஆஸ்பிரின்' அல்லது 'அசிட்டைல் சாலிசிலிக் ஆசிட்' என்று இரண்டு அட்டையில் இருந்தால், இரண்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய் எதை விடுவது என்று கேளுங்கள்.

இன்னொன்று, மருந்துக்கடையில் "ஒரு வேளைக்குக் கொடுங்க" என்று கேட்டு வாங்கும் செட்டு மாத்திரை. நாலைந்து நிறத்தில் உதிரியாக ஒரு காகிதக் கவரில் வரும். அதில் என்ன இருக்கிறது என்று வாங்கியவருக்கும் தெரியாது, பிறகு ரத்த வாந்தியோடு வரும்போது பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. ஒரே மாத்திரை வாங்கினாலும் பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி அட்டையோடு வெட்டிக் கேளுங்கள். இதய மாத்திரை சாப்பிடுகிறவர் உதிரிச் செட்டு வாங்கவே கூடாது.

உள்ளே போய் என்ன செய்கிறது

உடம்பில் அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் கிளப்புவது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். அதைத் தயாரிக்கும் நொதியை ஆஸ்பிரின் முடக்கிவிடுகிறது. இதை 1971-ல் கண்டுசொன்னவர் ஜான் வேன். 1982-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதே நொதிதான் ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் வழிசெய்கிறது. இதே நொதிதான் வயிற்றின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் வழவழப்பையும் தருகிறது. ஆக, ஒரு மாத்திரை வலியைக் குறைக்கும்போதே ரத்தம் உறைவதையும் குறைக்கிறது, வயிற்றின் காவலையும் தளர்த்துகிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட முடியாது.

மற்ற வலி மாத்திரைகளின் பிடி சில மணி நேரத்தில் விட்டுவிடும். ஆஸ்பிரின் தட்டணுவின் நொதியை ஒரேயடியாக முடக்கிவிடும். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, புதிய நொதியைத் தயாரித்துக்கொள்ள முடியாது. அது 7 முதல் 10 நாள் வாழும். செத்துப் புதியது வரும்வரை பலன் நீடிக்கும். திங்கட்கிழமை போட்ட டிஸ்பிரினின் தடம் அடுத்த வாரம் வரை ரத்தத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இதிலிருந்து வருகின்றன.

வலிக்கு எடுப்பதானால்

இரண்டு மாவட்டத்திலும் மூட்டுவலி, இடுப்புவலிக்குக் குறைவில்லை. கிரானைட் குவாரி வேலை, லோடு ஏற்றி இறக்கும் வேலை, தக்காளிக் கூடை சுமப்பது, ரோஜாத் தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து நிற்பது என்று காரணங்கள் இருக்கின்றன. அதற்கு மேல் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருந்து, அதை வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் கறை படிவதோடு நிற்காது. எலும்பும் மூட்டும் இறுகி, கழுத்தும் முதுகும் திருப்ப முடியாமல் போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருப்பது இதனால்தான். இந்த வலிக்கு எந்த வலி மாத்திரையும் மருந்தாகாது. அன்றைக்கு மட்டும் மரத்துப்போக வைக்கும். போர்வெல் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தி, ஆற்றுத் தண்ணீர் வரும் குழாய்க்கு மாறுவதுதான் முதல் வேலை. தினமும் மாத்திரை போட்டுக்கொண்டே அதே போர்வெல் தண்ணீரைக் குடித்தால், மூட்டோடு சேர்த்து வயிறும் சிறுநீரகமும் கெடும்.

சாதாரணத் தலைவலி, பல்வலி, தசைவலிக்கு வேறு நோயில்லாத பெரியவர் ஒருவர் ஆஸ்பிரின் எடுக்கலாம். ஒரு வேளைக்கு 350 மில்லிகிராம், அதாவது டிஸ்பிரின் ஒன்று. ஒன்றில் கேட்கவில்லை என்றால் மட்டும் அடுத்த முறை இரண்டு. அரை டம்ளர் தண்ணீரில் முழுக்கக் கரையவிட்டு, எதையாவது சாப்பிட்ட பிறகு குடிக்க வேண்டும். அடுத்த வேளைக்குக் குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் 6 மணி நேரம் இடைவெளி. ஒரு நாளில் மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது என்று புத்தகம் சொல்லும். வீட்டில் அந்த எல்லைக்குப் பக்கத்தில் போக வேண்டிய அவசியமே வராது. மூன்று நாளுக்கு மேல் வலி நீடித்தால் மாத்திரையை மாற்றிப் பார்க்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

உண்மையில், வெறும் வலிக்கு ஆஸ்பிரினை முதலில் எடுக்க வேண்டிய காரணமே இன்று குறைவு. பாராசிட்டமால் 500 அல்லது 650 வயிற்றையும் ரத்தத்தையும் தொந்தரவு செய்யாமல் அதே வேலையில் பெரும்பகுதியைச் செய்யும். நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் போகாமல் இருந்தால் போதும். தினமும் குடிக்கிறவரும் ஈரல் நோய் உள்ளவரும் நாளைக்கு 2 கிராமோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

யாருக்குக் கொடுக்கக் கூடாது

காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் வேண்டாம். அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் காய்ச்சலுக்கு வேண்டவே வேண்டாம். தண்ணீர் வரும் நாளில் பிடித்து டிரம்மிலும் சிமெண்ட் தொட்டியிலும் சேர்த்து வைக்கிற ஊர்களில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் குறை இருக்காது. டெங்குவில் தட்டணுவின் எண்ணிக்கை தானாகவே இறங்கும். அப்போது ஆஸ்பிரின் போனால் மிச்சமிருக்கும் தட்டணுவும் வேலை செய்யாது. ஈறு, மூக்கு, குடல் என்று எங்கிருந்தும் ரத்தம் கசியலாம். டெங்கு இல்லை என்று பரிசோதனையில் தெரியும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே. இபுபுரூஃபன் இருக்கும் புரூஃபென், காம்பிஃப்லாம், டைக்ளோஃபெனாக் இருக்கும் வோவெரான், இடுப்பில் போடும் டைக்ளோ ஊசி எல்லாமே இந்தத் தடையில் அடங்கும். "ஒரு ஊசி போட்டு விடுங்க, சீக்கிரம் இறங்கட்டும்" என்று நாமே கேட்டு வாங்கும் ஊசி பெரும்பாலும் அதுதான்.

ஏற்கெனவே இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் கணக்கு வேறு. தானாக நிறுத்தவும் கூடாது, கண்டுகொள்ளாமல் தொடரவும் கூடாது. முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போய், இன்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லி, தட்டணு எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். நிறுத்துவதா என்பதை அந்த எண்ணிக்கையையும் ஸ்டென்ட் வைத்து எத்தனை மாதம் ஆனது என்பதையும் வைத்து மருத்துவர் முடிவு செய்வார்.

16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. வைரஸ் காய்ச்சலோ அம்மையோ வந்திருக்கும் குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால், அபூர்வமாக, ஈரலும் மூளையும் ஒருசேர வீங்கும் ரேய் நோய் வரலாம். ஆஸ்திரேலிய மருத்துவர் டக்ளஸ் ரேய் 1963-ல் விவரித்த நோய் இது. அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். ரூமாட்டிக் காய்ச்சல், கவாசாகி போன்ற சில நோய்களுக்குக் குழந்தை மருத்துவரே ஆஸ்பிரின் எழுதுவார். அவர் மேற்பார்வையில் மட்டும் அது சரி.

பாம்பு கடித்தவருக்கு வலிக்கென்று ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இரண்டின் விஷமும் ரத்தம் உறைவதைக் கெடுக்கிற விஷம். காட்டோரத்தில், சோளத்தட்டுப் போரில் கடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, அவர் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவராக இருந்தால் அதை விஷமுறிவு ஊசி போடும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் சிலருக்கு, குறிப்பாக மூக்கில் சதை வளர்ந்தவர்களுக்கு, ஆஸ்பிரின் போட்ட அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மூச்சு இறுகிவிடும். முன்பு எந்த வலி மாத்திரைக்காவது இழுப்பு வந்திருந்தால் ஆஸ்பிரினும் ஆகாது. வயிற்றுப்புண் இருந்தவர், ரத்த வாந்தி எடுத்தவர், சிறுநீரகம் பழுதானவர், பி.பி. கட்டுக்குள் இல்லாதவர் எல்லோரும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. பி.பி. ஏறிக் கிடக்கும்போது ஆஸ்பிரினும் சேர்ந்தால் மூளையில் ரத்தக்கசிவு வரும் ஆபத்து கூடுகிறது.

கர்ப்பிணிகள் விஷயத்தில் ஊரில் இரண்டு விதப் பேச்சு இருக்கிறது, இரண்டுமே பாதி சரி. வலி மாத்திரை அளவில் ஆஸ்பிரின் கூடாது. பிந்தைய மாதங்களில் பனிக்குட நீர் குறையலாம், குழந்தையின் இதயத்தில் பிறந்த பிறகு மூட வேண்டிய குழாய் முன்கூட்டியே மூடலாம். ஆனால் முந்தைய பிரசவத்தில் பி.பி. ஏறியவர்களுக்கும் அந்த ஆபத்து உள்ளவர்களுக்கும் 75 முதல் 150 மில்லிகிராம் வரை தினமும் இரவில் போடச் சொல்லி மருத்துவரே எழுதுவார். 12-ஆவது வாரத்துக்குப் பிறகு, முடிந்தால் 16-ஆவது வாரத்துக்குள் தொடங்குவார்கள். அப்படி எழுதியிருந்தால், "ரத்தம் நீர்க்கிற மாத்திரை வயித்துப் பிள்ளைக்கு ஆகாது" என்று மாமியாரோ பக்கத்து வீட்டு அக்காவோ சொல்வதைக் கேட்டு நிறுத்த வேண்டாம். சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

தினமும் எடுப்பவர்களுக்கு

மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்துகொண்டவர், ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்தவர். பெரும்பாலும் இவர்களுக்குத்தான் தினசரி ஆஸ்பிரின். 75 அல்லது 150, ஒரு நாளைக்கு ஒரு முறை.

ஈகோஸ்பிரின் போன்ற பூச்சு மாத்திரையை உடைக்காமல் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அந்தப் பூச்சு வயிற்று அமிலத்தில் கரையாது, குடலுக்குப் போய்த்தான் கரையும். 150-ஐ இரண்டாக உடைத்து 75 ஆக்குவது சிக்கனம் போலத் தோன்றும். உடைத்தவுடன் பூச்சு போய்விடும். மாத்திரை விழுங்கும் நேரத்திலேயே ஜெலுசில், டைஜீன் போன்றவற்றைக் குடித்தாலும் பூச்சு வயிற்றிலேயே கரைந்துவிடும். இரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். பூச்சு இருந்தால் வயிற்றுப்புண்ணே வராது என்றும் நினைக்க வேண்டாம். ரத்தத்தில் கலந்த பிறகும் ஆஸ்பிரின் வயிற்றுச் சுவரைப் பாதிக்கும். 75 மில்லிகிராம் அளவிலேயே வயிறு, குடல் ரத்தக்கசிவு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு கூடுகிறது. 65 வயதைத் தாண்டியவர், முன்பு புண் வந்தவர், க்ளோபிடோக்ரெலும் சேர்த்து எடுப்பவர் ஆகியோருக்கு மருத்துவர் பான்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரையும் எழுதுவார். "கேஸ் மாத்திரைதானே" என்று அதை மட்டும் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அதை வெறும் வயிற்றில் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். க்ளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் கேஸ் மாத்திரையைத் தாங்களாக மாற்றக் கூடாது. ஒமிப்ரசோலும் எசோமிப்ரசோலும் க்ளோபிடோக்ரெலின் வேலையைக் குறைத்துவிடும்.

நேரம் ஒன்றாக இருக்கட்டும். விடியற்காலையில் மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறவருக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொள்வது மறக்காமல் இருக்க வசதி. கிருத்திகை, சஷ்டி விரதம், ரமலான் நோன்பு நாட்களிலும் இரவு நேரத்துக்கு மாற்றிக்கொண்டால் ஒரு வேளையும் தவறாது. மறந்துவிட்டால் அன்றைக்குள் நினைவு வந்தபோது போடலாம்; மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் அன்றைய ஒன்றோடு விடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

இதைவிட முக்கியம், தானாக நிறுத்தாமல் இருப்பது. மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக ஒரு வருடம் ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெலோ அதுபோன்ற இன்னொன்றோ சேர்ந்து போகும். அதன் பிறகும் ஆஸ்பிரின் பெரும்பாலும் ஆயுளுக்கும் தொடரும். ஸ்டென்ட் என்பது கம்பி வலை. அதன் மேல் உடம்பின் தோல் படர்ந்து மூடும்வரை ரத்தம் அதில் பட்டு உறையப் பார்க்கும். முதல் சில மாதங்களில் மாத்திரையை விட்டால் ஸ்டென்ட் திடீரென்று அடைத்துக்கொள்ளலாம். அது முதல் மாரடைப்பைவிட மோசமாக இருக்கும். "நல்லாத்தான் இருக்கேன், எதுக்கு மாத்திரை" என்று விடுவதும், மாத்திரை தீர்ந்து அடுத்த சம்பளம் வரை தள்ளிப்போடுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஆஸ்பிரின் விலை குறைந்த மருந்து, அரசு மருத்துவமனையில் இலவசம். கையில் ஒரு வாரத்துக்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள்.

பல் பிடுங்குவதற்குப் பெரும்பாலும் ஆஸ்பிரினை நிறுத்தத் தேவையில்லை. பல் மருத்துவரிடம் சொல்லிவிட்டால் தையலோ பஞ்சு அழுத்தமோ வைத்து ரத்தத்தை நிறுத்துவார். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்காருங்கள். கண்புரை முகாமுக்குப் போவதற்கும் பெரும்பாலும் அப்படியே. பெரிய அறுவைச் சிகிச்சைகளுக்கு மட்டும் சில சமயம் ஏழு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அதை அறுவை மருத்துவரும் இதய மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது என்பதையும் அப்போதே எழுதி வாங்குங்கள். நிறுத்தச் சொன்னது நினைவிருந்து தொடங்கச் சொன்னது மறந்துபோவது வழக்கம்.

எதோடு சேராது

இபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுபவை. இபுபுரூஃபன் முதலில் போய் அமர்ந்துவிட்டால் ஆஸ்பிரின் தட்டணுவைத் தொட முடியாமல் வீணாகும். இதயத்துக்கு மாத்திரை எடுத்தும் பலன் இல்லாமல் போகும். தவிர்க்கவே முடியாமல் ஒரு நாள் இபுபுரூஃபன் தேவைப்பட்டால், பூச்சில்லாத ஆஸ்பிரினைப் போட்டு அரை மணி நேரம் கழித்து எடுக்கலாம். பூச்சு மாத்திரை எப்போது கரையும் என்று கணக்கிட முடியாது என்பதால் அந்த உபாயம் அதற்குப் பொருந்தாது. இதய ஆஸ்பிரின் எடுப்பவருக்கு வலி வந்தால் பாராசிட்டமால் என்று வைத்துக்கொள்வதே நல்லது. ஜீரோடால் பி, வோவெரான், நைஸ் எதுவாக இருந்தாலும் வயிற்று ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும்.

இதய வால்வு மாற்றியவர்கள் எடுக்கும் அசிட்ரோம், வார்ஃபரின் இரண்டும் வேறு வழியில் ரத்தம் உறைவதைத் தடுப்பவை. அவற்றோடு ஆஸ்பிரினைச் சேர்ப்பது இதய மருத்துவர் எழுதினால் மட்டும். வலி தைலங்களில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட்டும் ஆஸ்பிரினின் பங்காளிதான். அசிட்ரோம் எடுப்பவர் முதுகு முழுக்கத் தினமும் இரண்டு வேளை தைலம் தேய்த்தால் தோல் வழியாகப் போய், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவை ஏற்றிவிடும். மன அழுத்தத்துக்கு எடுக்கும் சில மாத்திரைகளும் ரத்தக்கசிவைக் கூட்டும். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர் அதை எழுதிய மருத்துவரிடம் ஆஸ்பிரினைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாராயமும் ஆஸ்பிரினும் வயிற்றில் சந்தித்தால் புண்தான். குடித்த மறுநாள் காலைத் தலைவலிக்கு டிஸ்பிரின் போடும் பழக்கம் அதில் மிக மோசம். சமையலில் போடும் பூண்டையும் வெந்தயத்தையும் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

நாற்பது வயதானால் எல்லோரும் போட வேண்டுமா

வேண்டாம். சில வருடங்களுக்கு முன்பு வரை, சர்க்கரை இருக்கிறது, வயசாகிவிட்டது என்று முன்னெச்சரிக்கையாகவே ஈகோஸ்பிரின் எழுதும் வழக்கம் இருந்தது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களை வைத்து நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வு 2018-ல் வெளியானது. இதய நோய் இல்லாதவர்களுக்குத் தினசரி ஆஸ்பிரினால் ஆரோக்கியமான ஆயுள் கூடவில்லை, பெரிய ரத்தக்கசிவுகள்தான் கூடின. மாரடைப்போ பக்கவாதமோ வராதவர் 60 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்க வழிகாட்டுதல் 2022-ல் மாறிவிட்டது. அண்ணனுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள் என்பதற்காகத் தம்பியும் அதே அட்டையிலிருந்து ஒன்று பிய்த்துப் போட்டுக்கொள்வதில் எந்தப் பலனும் இல்லை. வருடக்கணக்காக எடுத்துவருகிறவர் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்தவும் வேண்டாம். எதற்காகத் தொடங்கினார்கள் என்று அடுத்த முறை மருத்துவரைக் கேளுங்கள்.

நெஞ்சுவலி வந்தால்

நடு நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சுத் திணறல். இதைக் கேஸ் என்று நினைத்து சோடா குடித்து, பெருங்காயம் போட்ட மோர் குடித்து, ஒரு மணி நேரத்தை இழப்பதுதான் ஊரில் நடக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மயக்கமும் மட்டும் வரலாம். செய்ய வேண்டியது:

1. வேலையை நிறுத்தி உட்காருங்கள். 108-ஐ அழையுங்கள். பைக்கை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.
2. ஆஸ்பிரின் ஒவ்வாமை இல்லை, ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ இல்லை என்றால், 300 மில்லிகிராம் அளவுக்கு மென்று விழுங்குங்கள். 75 என்றால் நான்கு, 150 என்றால் இரண்டு, டிஸ்பிரின் என்றால் ஒன்று. பூச்சு மாத்திரையாக இருந்தால் கட்டாயம் நன்றாக மெல்ல வேண்டும். முழுதாக விழுங்கினால் வேலை தொடங்கப் பல மணி நேரம் ஆகும். தினமும் ஆஸ்பிரின் எடுப்பவரும் இப்படிச் செய்யலாம்.
3. ரத்தக்குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை முன்பே மருத்துவர் கொடுத்திருந்தால் மட்டும், உட்கார்ந்த நிலையில் நாக்கின் கீழே வையுங்கள். பி.பி. இறங்கி மயக்கம் வரலாம். ஆண்மைக்குறைவு மாத்திரை எடுத்தவர் இதை வைக்கவே கூடாது.
4. எத்தனை மணிக்கு வலி தொடங்கியது, எத்தனை மாத்திரை மென்றார் என்பதை எழுதி உடன் கொடுங்கள்.

மெல்வதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. 1988-ல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், மாரடைப்பு சந்தேகத்தோடு வந்த 17,187 பேரில் ஆஸ்பிரின் கிடைத்தவர்களிடம் ஐந்து வாரத்தில் இதய, ரத்தக்குழாய் மரணம் 23 சதவீதம் குறைந்தது. அஞ்செட்டி, சித்தேரி, வத்தல்மலை போன்ற மலை ஊர்களில் ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும். அங்கெல்லாம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே முதலில் போகலாம். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் வேளையாகக் கொடுத்து, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப அங்கு ஏற்பாடு இருக்கிறது.

வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், பேச்சு குழறினால் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். பக்கவாதம் அடைப்பாலும் வரும், மூளையில் ரத்தம் கசிந்தும் வரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்; சி.டி. ஸ்கேனில்தான் தெரியும். கசிவாக இருந்து ஆஸ்பிரின் கொடுத்துவிட்டால் கசிவைக் கூட்டியதாக ஆகும். விழுங்கவும் சிரமம் இருக்கும் என்பதால் தண்ணீர்கூட வேண்டாம். அடைப்பாக இருந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதனால் ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

ரத்தம் எங்கே கசிகிறது என்று பார்ப்பது

பல் தேய்க்கும்போது லேசாக ரத்தம், எங்கோ இடித்து ஒரு நீலத் தழும்பு என்றால் பயப்பட வேண்டாம்; அடுத்த முறை மருத்துவரிடம் சொன்னால் போதும். மூக்கில் ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்காமல் முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 15 நிமிடம் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி.

மலம் தாரைப் போலக் கறுத்து, பிசுபிசுத்து, வழக்கத்துக்கு மாறான துர்நாற்றம் அடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது. அன்றே போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களுக்கும் மலம் கறுக்கும், ஆனால் அது கரும்பச்சையாக, சாதாரணமாகக் கழிக்கும்படி இருக்கும்; ஒட்டாது, அந்த நாற்றமும் இருக்காது. காப்பித்தூள் நிறத்தில் வாந்தி, சிவந்த சிறுநீர், திடீரென்று மூச்சு வாங்குவது, முகம் வெளுப்பது எல்லாம் உடனே பார்க்க வேண்டியவை. ஆஸ்பிரின் எடுப்பவர் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் அன்றே ஸ்கேன் பார்க்க வேண்டும். தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் மறுநாள் வரலாம்.

குறைந்த அளவு ஆஸ்பிரின் யூரிக் அமிலத்தையும் கொஞ்சம் ஏற்றும். கால் கட்டைவிரல் வீங்கும் கௌட் உள்ளவர் இதைச் சொல்லி வைத்தால் மருத்துவர் அதற்கேற்ப மருந்து தருவார். அதற்காக இதய மாத்திரையை விட வேண்டாம்.

அளவு மீறினால், குழந்தை தின்றுவிட்டால்

காதில் 'ஞொய்' என்ற இரைச்சல், வேகமான மூச்சு, வாந்தி, வியர்வை, பிதற்றல். இவை அளவு மீறியதன் அறிகுறிகள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 150 மில்லிகிராமைத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 1,500 மில்லிகிராம், டிஸ்பிரின் நாலைந்து மாத்திரைக்குள் வந்துவிடும். அதைவிட ஆபத்து, வலிக்குத் தேய்க்கும் வின்டர்கிரீன் எண்ணெய்: ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமமான சாலிசிலேட் இருக்கிறது, அதாவது இருபது டிஸ்பிரின். பாட்டி தலைமாட்டில் வைத்திருக்கும் எண்ணெய்ப் புட்டி தவழும் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அட்டையையோ புட்டியையோ கையில் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தை நன்றாக விளையாடுகிறது என்று காத்திருக்க வேண்டாம், மோசமாவது சில மணி நேரம் கழித்துத்தான்.

எப்படி வைப்பது

ஈரம் பட்டால் ஆஸ்பிரின் உடைந்து அசிட்டிக் அமிலமாகவும் சாலிசிலிக் அமிலமாகவும் பிரிந்துவிடும். அட்டையைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் தூக்கிப்போடுங்கள். காலாவதித் தேதி மிச்சமிருந்தாலும் அது கெட்ட மாத்திரை. சமையலறை அலமாரி, தகரக் கூரையின் கீழே உள்ள மாடம், வண்டியின் டேங்க் பை மூன்றும் ஆகாத இடங்கள். வாரத்துக்கான டப்பாவில் பிரித்துப் போடுகிறவர்கள் அட்டையோடு வெட்டிப் போட்டால் பெயரும் தெரியும், ஈரமும் படாது.

பர்ஸில் ஒரு சீட்டு வையுங்கள்: பெயர், ஆஸ்பிரின் எத்தனை மில்லிகிராம், எதற்காக, ஸ்டென்ட் வைத்த மாதமும் வருடமும், கூட எடுக்கும் மற்ற மாத்திரைகள், ஒவ்வாமை, வீட்டு போன் எண். பல் மருத்துவர், கண் முகாம், மெடிக்கல், விபத்துப் பிரிவு என்று எங்கே போனாலும் அதை முதலில் நீட்டுங்கள். மாத்திரை மாறும்போது சீட்டையும் மாற்றி, பழையதைக் கிழித்துவிடுங்கள்.